ஷூவுக்குள் இருந்த கல்

அந்த ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் அவருக்கு 'பிரேக் மாமா' என்று பெயர். கற்றுக்கொள்பவர் தடுமாறுவதற்குள், பக்கத்து இருக்கையில் தன் காலடியில் இருக்கும் இரண்டாவது பிரேக்கை மிதித்துவிடுவார். பதினெட்டு வருஷத்தில் வண்டியில் ஒரு கீறல் விழுந்ததில்லை.

சர்க்கரை வந்து ஒன்பது வருஷம். "உடம்பு நல்லாத்தானே இருக்கு" என்று, நினைத்தால் மாத்திரை போடுவார், இல்லாவிட்டால் இல்லை. சில மாதங்களாகப் பாதம் மரத்துப்போய், பஞ்சின் மேல் நடப்பது போலிருந்தது. பிரேக் எங்கே என்று குனிந்து பார்த்துத்தான் மிதித்தார். மனைவியிடம்கூட மூச்சு விடவில்லை.

ஒரு மாலை அவர் கழற்றிப்போட்ட சாக்ஸை எடுத்த மனைவி அப்படியே நின்றாள்.

"என்னங்க இது, ரத்தம்?"

"எங்கே?"

ஷூவைக் கவிழ்த்தாள். பட்டாணி அளவில் கூரான கல் ஒன்று விழுந்தது. இடது கட்டைவிரலுக்குக் கீழே, உள்ளங்காலில் தோல் கிழிந்து சதை தெரிந்தது.

"நாள் பூரா இதை மிதிச்சுக்கிட்டா இருந்தீங்க? வலிக்கலையா?"

"வலிக்கலையே" என்றார்.

மறுநாள் காலை ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா மெல்லிய நைலான் இழை ஒன்றை எடுத்தார். "கண்ணை மூடிக்கோங்க. கால்ல தொடும்போது சொல்லுங்க."

அவர் காத்திருந்தார். "எப்பம்மா ஆரம்பிப்பீங்க?"

"பத்து தடவை தொட்டாச்சு, ஐயா."

அவர் கண்ணைத் திறந்தார். "காலை எடுத்துடுவீங்களா?"

"முதல்ல எக்ஸ்ரே எடுப்போம்."

அந்த ஒரு மணி நேரமும் மனைவி அவர் கையை விடவில்லை. டாக்டரம்மா படத்தோடு வந்தார்.

"எலும்புக்குப் போகலை. ரத்த ஓட்டமும் நல்லா இருக்கு. கால் உங்களோடதுதான், பயப்படாதீங்க. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா இப்படிச் சொல்லியிருக்க மாட்டேன்."

மனைவி அழுதாள், அழுது முடித்ததும் வாசல்வரை கேட்கத் திட்டித் தீர்த்தாள். அவருக்கு அந்தத் திட்டு இனித்தது.

செத்த தோலை நீக்கிக் கட்டுப்போட்டார்கள். காலை ஊன்றக் கூடாது. சர்க்கரை இறங்க இன்சுலின் ஊசி. ஊசிக்கு முகம் சுளித்தவர் நாலாம் நாள் தானே குத்திக்கொண்டார். ஏழு வாரத்தில் புண் மூடியது. அன்றுதான் டாக்டரம்மாவிடம் மனதைத் திறந்தார்.

"பிரேக் கால்ல தட்டுப்படுறதே இல்லம்மா. குனிஞ்சு பார்த்துத்தான் மிதிச்சுக்கிட்டிருந்தேன்."

"அப்ப அந்த சீட் இனி வேண்டாம். புண் ஆறிடுச்சு, மரத்துப்போனது அப்படியேதான் இருக்கு. தினமும் பாதத்தைப் பாருங்க, ஷூவைத் தட்டிட்டுப் போடுங்க."

வேலை போய்விடும் என்று நினைத்துக்கொண்டே பள்ளி முதலாளியம்மாவிடம் போய் உள்ளதைச் சொன்னார்.

"வண்டியில மத்தவங்க போகட்டும். ரோட்டு விதி வகுப்பெடுக்க ஆளில்லாம நான்தான் தொண்டை கிழியக் கத்துறேன். நீங்க வந்து உட்காருங்க, மாமா" என்றார் அந்த அம்மாள்.

முதல் நாள் வகுப்பு முடிந்து வந்தவர் நாற்காலியில் சாய்ந்ததும் தூங்கிப்போனார். அப்படித் தூங்கி மாதக்கணக்காயிற்று. டீ ஆறிக்கொண்டிருந்தது, மனைவி எழுப்பவில்லை.