பௌர்ணமிக்கு மறுநாள் மேட்ச்

கல்லூரி மலரின் ஆசிரியர் குழுவில் என் பெயர் இருந்த பாவத்துக்கு, அந்த வருடம் பெண்கள் ஃபுட்பால் மேட்சுக்கு முன்னோட்டம் எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. நான் வணிகவியல் பாடம் எடுப்பவள். பாதி ஆட்டம் முடிந்து இரண்டு அணியும் பக்கம் மாறிவிட்டால், எந்த கோல் யாருடையது என்றே எனக்குக் குழம்பிவிடும். இதை முதல்வரிடம் சொன்னேன். "தெரியாதவங்க எழுதினாதான் மேடம் எல்லாருக்கும் புரியும்" என்றார். பதில் சொல்ல முடியாத அளவுக்கு மோசமான காரணம். வெள்ளிக்கிழமை இரவு உள்ளூர் கேபிள் சேனலில் செய்திக்குப் பிறகு வாசிப்பார்களாம். சனிக்கிழமை காலை மேட்ச்.

எங்கள் கல்லூரி வேங்கிக்கால் பக்கம், கலெக்டர் ஆபீஸைத் தாண்டி உள்ளே தள்ளி இருக்கிறது. எதிரணியின் கல்லூரி செங்கம் ரோட்டில். இரண்டுக்கும் நடுவில் மலை; இந்த ஊருக்கு அந்த மலைதான் சாமி. இரண்டுமே சின்னக் கல்லூரிகள். எங்கள் மண்டலத்தில் பெண்கள் ஃபுட்பால் அணி வைத்திருப்பவர்களே கொஞ்சம்தான் என்பதால், எப்படிச் சுற்றி வந்தாலும் கடைசியில் நாங்களும் அவர்களும்தான் எதிரெதிராக நிற்போம். அதனால் பகை முற்றிப் போயிருந்தது. போன வருடத்து மேட்சில் என்ன நடந்தது என்று எங்கள் பிள்ளைகளிடம் கேட்டேன். கோல் இல்லாததைக் கோல் என்று சொல்லி ஏமாற்றிவிட்டார்கள் என்றார்கள். ஆட்டோ பிடித்துப் போய் அந்தப் பிள்ளைகளிடமும் கேட்டேன். அதே கதையை ஆளை மட்டும் மாற்றிச் சொன்னார்கள். நான் இரண்டையும் எழுதிக்கொண்டேன்.

அவர்களுடைய மைதானத்துக்கு ஒரு தனி அழகு உண்டு. ஆசிரமத்துப் பக்கம் அறை எடுத்துத் தங்கியிருக்கும் வெளிநாட்டுக்காரர்கள் சாயங்காலம் அங்கே வந்து உட்காருவார்கள். பயிற்சிதான் நடக்கிறது என்று தெரியாமல், யார் உதைத்தாலும் கை தட்டுவார்கள். எங்கள் மைதானத்தில் அந்த ஆடம்பரமெல்லாம் இல்லை. ஒரு பக்க கோலுக்குப் பின்னால் மலை தெரியும், அவ்வளவுதான். டாஸ் ஜெயித்தவர்கள் முதல் பாதியில் மலைக்கு எதிர்ப்பக்கம்தான் அடிப்பார்கள். எடுத்த எடுப்பில் சாமியைப் பார்த்து உதைக்கக் கூடாதாம். இரண்டாம் பாதியில் உதைக்கலாமா என்று கேட்டேன். "அதுக்குள்ள அவருக்குப் பழகிடும் மேம்" என்றாள் எங்கள் கோல்கீப்பர்.

எங்கள் பி.டி. சாரைப் பேட்டி எடுத்தேன். விளையாட்டு விஷயம் எல்லாவற்றுக்கும் பொறுப்பு அவர்தான். "டிஃபென்ஸ் கொஞ்சம் வீக் மேடம். அத எழுதிடாதீங்க. ஆனா ஃபார்வர்ட்ல நம்ம கேப்டன் இருக்கா. அவ ஓட ஆரம்பிச்சிட்டா பின்னாடி வர்றவளுக்கு முதுகுதான் தெரியும்" என்றார். அதை எழுதிக்கொண்டேன். முன்னோட்டத்திலேயே நல்ல வரி அதுதான் என்று பின்னால் பலர் சொன்னார்கள்.

அந்தக் கேப்டன் மூன்றாம் வருடம் வரலாறு படித்தாள். கீழ்பென்னாத்தூர் தாண்டி ஒரு கிராமம், மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போடுகிற குடும்பம். ஒல்லியான பெண். பேசும்போது தரையைப் பார்த்துப் பேசுவாள், பந்து காலுக்கு வந்தால்தான் தலையைத் தூக்குவாள். இந்த மேட்சில் உனக்கு என்ன எதிர்பார்ப்பு என்று, டிவியில் கேட்பது போலவே கேட்டேன்.

"யுனிவர்சிட்டி டீம் செலக்டர் இந்த மேட்ச்சுக்குத்தான் வர்றாரு மேம். அதுல எடுத்துட்டாங்கன்னா ஸ்போர்ட்ஸ் கோட்டால பி.பி.எட். சீட்டு கிடைக்கும். பி.டி. டீச்சர் ஆயிடுவேன்."

"எடுக்கலன்னா?"

"இது ஃபைனல் இயர் மேம். அடுத்த தடவைன்னு ஒண்ணு இல்ல."

சொல்லிவிட்டு ஓடிப்போய்ப் பந்தை எடுத்துக்கொண்டாள். முன்னோட்டம் என்பது நடக்காத ஒன்றைப் பற்றி நடந்த மாதிரியே பேசுவது. நானும் வகுப்பில் பட்ஜெட் போடச் சொல்லிக் கொடுப்பவள்தானே, அந்த வித்தை கைவந்தது. "பரம வைரிகள் மோதும் ஆட்டம்" என்று தலைப்பு வைத்தேன். "கேப்டன் முழு உடல்தகுதியுடன் களமிறங்குகிறார்" என்று முடித்தேன். வெள்ளிக்கிழமை மத்தியானம் சேனல்காரரிடம் கொடுத்துவிட்டு, தொல்லை விட்டது என்று வந்து உட்கார்ந்தேன்.

அரை மணி நேரத்தில் கேப்டன் வந்து நின்றாள். "மேம், இன்னிக்குப் பௌர்ணமி. நான் கிரிவலம் போகணும். லேடி ஸ்டாஃப் யாராவது கூட வந்தாதான் அனுப்புவேன்னு வார்டன் சொல்றாங்க."

அவளுடைய அம்மா வேண்டிக்கொண்டிருக்கிறார். மேட்சுக்கு முன்னால் வருகிற பௌர்ணமியில் கிரிவலம் வருவதாக. அம்மாவுக்கு முட்டி வலி, நடக்க முடியாது. அதனால் மகளை நடக்க வைப்பதாகவே வேண்டுதல், வெறுங்காலில். இதைக் கேட்ட பி.டி. சார் குதித்தார். "பதினாலு கிலோமீட்டர்! நாளைக்குக் காலைல மேட்ச்! ஜெயிச்சப்புறம் போனா சாமி வேணான்னுவாரா?" அவள் தரையைப் பார்த்தபடியே, "முன்னாடியே வர்றதாத்தான் சார் வேண்டிக்கிட்டாங்க" என்றாள். இந்த ஊரில் இந்தப் பேச்சுக்கு மேல் பேச்சு கிடையாது. பி.டி. சாரே ஒவ்வொரு பௌர்ணமிக்கும் போகிறவர்தான். கடைசியில், "மெதுவா நட" என்று மட்டும் சொன்னார்.

அவளைத் தனியே விடமாட்டோம் என்று அணியில் பாதிப்பேர் கிளம்பிவிட்டார்கள். ஹாஸ்டல் கேட் எட்டு மணிக்கு மூடிவிடும். எனவே ஊரே வெயில் தாழ்ந்து கிளம்பும்போது நாங்கள் நல்ல வெயிலில் கிளம்பினோம். நான் சாக்ஸ் போட்டுக்கொண்டேன். துணிக்குச் சாமி ஆட்சேபம் சொல்லமாட்டார் என்பது என் கட்சி. அவளுக்கும் ஒரு ஜோடி நீட்டினேன். "வெறுங்கால்னு சொல்லியிருக்காங்க மேம்" என்றாள். எனக்குக் கோபம்தான் வந்தது. அவளுடைய அம்மா மேல் வந்ததா, அவள் மேல் வந்ததா, சரியாகச் சொல்லத் தெரியவில்லை. அந்த அம்மா வயல்காட்டில் செருப்பில்லாமலே காலம் தள்ளியவர். அவருக்கு வெறுங்காலில் நடப்பது ஒரு விஷயமே இல்லை. மகளின் காலோ ஆறாம் வகுப்பிலிருந்து ஷூவுக்குள்ளேயே இருந்து வெளுத்துப் போன கால். இந்த வித்தியாசம் அந்த வீட்டில் யாருக்கும் தோன்றியிருக்காது.

செங்கம் ரோட்டில் தார் கொதித்தது. கேப்டன் ஓரமாக மண் இருக்கிற இடமாகப் பார்த்துப் பார்த்து வைத்து நடந்தாள். ஆசிரமத்தைத் தாண்டியதும் ஒரு கரும்பு ஜூஸ் வண்டி அருகே எதிரணிப் பிள்ளைகள் கும்பலாக நின்றிருந்தார்கள். அவர்களுடைய கேப்டனும் எங்கள் கேப்டனும் பிளஸ் டூ வரை ஒரே பள்ளியில் ஒரே அணியில் ஆடியவர்கள். அந்தப் பெண் காலைத்தான் முதலில் பார்த்தாள்.

"ஏய், நாளைக்கு மேட்ச்ச வச்சிக்கினு வெறுங்கால்ல போறியே, லூசாடி நீ?"

"அம்மா வேண்டிக்கிட்டாங்கடி."

"இன்னான்னு?"

"வேற இன்னா, ஜெயிக்கணும்னுதான் இருக்கும். செலக்ட் ஆவணும்னு இருக்கும். வெளிய சொன்னா பலிக்காதுன்னு சொல்லமாட்டேன்றாங்க."

அந்தப் பெண் ஜூஸ் டம்ளரை வண்டியில் வைத்தாள். செருப்பைக் கழற்றி ஒரு கவரில் போட்டுக் கையில் பிடித்துக்கொண்டாள். "அப்ப நானும் வர்றேன். இல்லன்னா நாளைக்கு நாங்க ஜெயிச்சதும், இவளுங்க செருப்பு போட்டுக்கினு ஜெயிச்சாளுங்கன்னு சொல்லுவீங்க" என்றாள். எங்கள் கோல்கீப்பர், "நீங்க ஜெயிச்சாத்தானே" என்றாள். எல்லோரும் சிரித்துக்கொண்டே நடந்தார்கள்.

பரம வைரிகள் என்று நான் எழுதிக் கொடுத்தவர்கள் ஒருத்தி தோளில் ஒருத்தி கை போட்டுக்கொண்டு எனக்கு முன்னால் போனார்கள். அன்னதானத்தில் எலுமிச்சை சாதம் வாங்கி ஒரே தொன்னையில் சாப்பிட்டார்கள். அதோடு எதிரணிப் பிள்ளைகள் தங்கள் கல்லூரிக்குத் திரும்பிவிட்டார்கள். சேனலுக்கு ஃபோன் செய்து தலைப்பை மாற்றச் சொல்லலாமா என்று நினைத்தேன். சொன்னால் யாரும் நம்பவும் மாட்டார்கள், பார்க்கவும் மாட்டார்கள் என்று விட்டுவிட்டேன்.

பாதி வழியில் இருக்கும் அடி அண்ணாமலை வருவதற்குள் எங்கள் கேப்டன் பாதத்தை முழுதாக ஊன்றுவதை நிறுத்தியிருந்தாள். ஆட்டோவில் ஏற்றிவிடுகிறேன் என்றேன். "பாதில ஏறினா கணக்கில்ல மேம்" என்றாள். மீதி வழியையும் நடந்தே முடித்தாள். ஹாஸ்டல் வராந்தாவில் உட்கார்ந்து காலைத் திருப்பியபோதுதான் பார்த்தேன். இரண்டு குதிகாலிலும் முன்பாதத்திலும் கொப்புளம் போட்டு, ஒன்றிரண்டு உடைந்திருந்தன. உப்புத் தண்ணீர் வாளியில் அவள் காலை விட்ட நேரம், மெஸ்ஸில் இருந்த டிவியில் என் முன்னோட்டம் ஓடியது. "பின்னால் வருபவருக்கு முதுகு மட்டுமே தெரியும்" என்று அந்த வாசிப்பாளர் கம்பீரமாகச் சொன்னார். பிள்ளைகள் யாரும் சிரிக்கவில்லை. எனக்கு டிவியை அணைத்துவிட வேண்டும் போலிருந்தது.

மறுநாள் காலை எங்கள் மைதானம் அலங்கோலமாகக் கிடந்தது. பௌர்ணமிக்கு வந்த வண்டிகளை அங்கேதான் நிறுத்த விடுவார்கள். டயர் தடமும் பாக்குத்தட்டும் தண்ணீர் பாட்டிலுமாக இருந்ததைப் பி.டி. சாரும் பிள்ளைகளும் பொறுக்கினார்கள். கேப்டன் காலில் பஞ்சு வைத்து, டேப் சுற்றி, அதன் மேல் இரண்டு சாக்ஸ் போட்டு ஷூவை மாட்டினாள். ஆடவேண்டாம் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. ஆடாவிட்டால் செலக்டர் எதைப் பார்ப்பார்?

முதல் பத்து நிமிடம் ஓடினாள். முன்னோட்டத்தில் எழுதியது உண்மைதான் என்று எனக்கே தோன்றியது. அவள் அடித்த ஒரு பந்து போஸ்டில் பட்டுத் திரும்பியது. அதற்குப் பிறகு அவள் ஓட்டம் குறைந்துகொண்டே போனது. இரண்டாம் பாதியில் திரும்பும் இடத்திலெல்லாம் ஒரு கணம் நின்று நின்று திரும்பினாள். அந்த ஒரு கணத்தில் எதிரணிப் பிள்ளைகள் பந்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். ஃபுட்பால் தெரியாத எனக்கே அது தெரிந்தது. எதிரணி கேப்டன் ஒரு கோல் போட்டாள். அவ்வளவுதான் மேட்ச்.

செலக்டர் வேப்பமர நிழலில் நின்று பெயர்களைச் சொன்னார். எதிரணியில் கேப்டனும் இன்னொரு பெண்ணும். எங்கள் பக்கம் யாருமில்லை. "உங்க கேப்டன் டச் நல்லா இருக்கு சார், ஆனா ஸ்பீடு கம்மி. ஸ்டாமினா ஏத்தணும்" என்று பி.டி. சாரிடம் சொன்னார். பி.டி. சார் வாயைத் திறந்தார். கேப்டன் அவரைப் பார்த்து வேண்டாம் என்று தலையாட்டினாள். எதிரணி கேப்டன் வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். செலக்டர் கூப்பிட்டதும் எழுந்து போனாள்.

அப்போதுதான் கேப்டனின் அம்மா வந்தார். முட்டியைப் பிடித்துப் பிடித்து, கையில் அவித்த மல்லாட்டைப் பையோடு. ஊரிலிருந்து முதல் பஸ் கிடைக்காமல் மேட்ச் முடிந்தபிறகுதான் வர முடிந்திருக்கிறது. மகள் எழுந்து நின்றாள்.

"தோத்துட்டீங்களாமே?"

"ஆமாம்மா."

"அந்தக் காலேஜ் சீட்டு?"

"இல்லம்மா."

அந்த அம்மா மல்லாட்டைப் பையை மகள் கையில் கொடுத்தார். இந்த அம்மாவிடம் நான் ஏதாவது கடுமையாகச் சொல்லிவிடுவேனோ என்று எனக்குப் பயமாகவே இருந்தது. வேண்டுதல் வேண்டுதல் என்று பெண்ணின் வாழ்க்கையையே கெடுத்துவிட்டீர்களே என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அவர் என் பக்கம் திரும்பினார்.

"போவுது மேடம். நான் ஜெயிக்கணும், சீட்டு கிடைக்கணும்னு ஒண்ணும் வேண்டிக்கல. எங்க பக்கத்து ஊர்ல ஒரு பொண்ணு இப்பிடித்தான் ஆடப் போயி கால ஒடச்சிக்கினு வந்துச்சி. இன்னும் நொண்டுது. அத பாத்ததுலேர்ந்து எனக்குத் தூக்கமே இல்ல. என் பொண்ணு காலுக்கு ஒண்ணும் ஆவக் கூடாது சாமி, அவளயே நடக்க வெக்கறேன்னு வேண்டிக்கினேன். இதோ பாருங்க, முழுசாக் குடுத்துட்டாரு."

நான் கேப்டனைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்க்கவில்லை. அம்மாவின் முகத்தை நேராகப் பார்த்து, "ஆமாம்மா, ஒண்ணும் ஆவல" என்றாள்.

"அந்த ஷூவ கழட்டிட்டு காத்தாட வாயேன்."

"ஹாஸ்டல்ல போயி கழட்டிக்கறேம்மா. நீ வா, பஸ் ஏத்தி உட்டுட்டு வர்றேன்."

கேட்டிலிருந்து பஸ் ஸ்டாப் கொஞ்ச தூரம்தான். அந்த அம்மா முட்டிக்குப் பாரம் தெரியாமலிருக்க மகளின் தோளில் முழுதாகச் சாய்ந்துகொண்டார். அவள் அவரையும் தாங்கிக்கொண்டு, பஸ் வரைக்கும் நொண்டாமல் நடந்தாள்.