பேய்க்கு மாட்டிய முழுக்கைச் சட்டை

நூம்பலில் ஃபிளாட் வாங்கிக் குடியேறிய புதிதில் எனக்கு இரண்டு வேலைகள். வார நாட்களில் ஓர் அமெரிக்கக் காப்பீட்டுக் கம்பெனியின் மென்பொருளில் தப்பு கண்டுபிடிப்பேன். சனிக்கிழமைகளில் பேய்களைத் தமிழில் பேசவைப்பேன். இரண்டாவதைச் சொந்தக்காரர்களிடம் சொன்னதில்லை. முதலாவதைச் சொல்லியும் அவர்களுக்குப் புரியவில்லை என்பதால் பெரிய நஷ்டம் ஒன்றுமில்லை.

பேய் வேலை கொடுத்தவர் மேனாம்பேட்டில் அச்சகம் வைத்திருந்தார். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து போஸ்டர், கண்ணீர் அஞ்சலி என்று எல்லாம் அடித்துக்கொண்டிருந்தவருக்குச் சின்ன வயதிலிருந்தே காமிக்ஸ் பைத்தியம். கடைசியில் ஐரோப்பாவில் ஒரு பதிப்பகத்திடம் முறையாக உரிமை வாங்கி ஒரு தொடரைத் தமிழில் கொண்டுவரத் துணிந்துவிட்டார். மொழிபெயர்க்க ஆள் தேவை என்று முகநூலில் அவர் போட்டதைப் பார்த்துப் போய் நின்றேன்.

"நீங்களா மேடம் இதெல்லாம் படிக்கிறது? உங்க ஊட்டுக்காரருன்னுல்ல நெனச்சுகினு இருந்தேன்."

"அவர் படிக்க மாட்டாருங்க. பேய்னா பயம்."

தொடரின் நாயகி ஒரு பேய் வேட்டைக்காரி. செம்பட்டை முடி, முழங்கால் வரை பூட்ஸ், கைக்கொன்றாக இரண்டு வாள். கல்லறைக்குள் குதிப்பாள், ஓநாய் மனிதர்களைப் பிளப்பாள். எத்தனை பேரைப் பிளந்தாலும் உதட்டுச்சாயம் மட்டும் கலையாது. உடுப்பு விஷயத்தில் அவளை வரைந்த ஓவியர் துணியை மிகவும் சிக்கனமாகச் செலவழித்திருந்தார்.

"கதை சூப்பரா கீது மேடம்" என்றார் அச்சகக்காரர். "அந்தப் பொண்ணு டிரெஸ்ஸுதான் இடிக்குது. நம்ம புக்கு ஊட்ல வச்சுப் படிக்கிற புக்கு. பொம்பளைங்க பாப்பாங்க."

எதிரே உட்கார்ந்து அதே பக்கங்களைப் பார்த்துக்கொண்டிருந்த நான் அந்தக் கணக்கில் வரவில்லை போலிருக்கிறது.

அந்தப் பொறுப்பு அச்சகத்தின் டிசைனர் பெண்ணிடம் போயிற்று. மேனாம்பேட்டிலேயே பிறந்து வளர்ந்தவள். அப்பா தொழிற்பேட்டை எஸ்டேட்டில் லேத் ஓட்டுகிறார். வேலப்பன்சாவடிப் பக்கம் ஒரு கல்லூரியில் காட்சித் தொடர்பியல் படித்து, ஒளியும் நிழலும் எப்படி விழும் என்று மூன்று வருஷம் கற்றுக்கொண்டு வந்தவளுக்கு, கட்டம் கட்டமாக நாயகிக்கு ஜாக்கெட் தைக்கிற வேலை கிடைத்தது. கை நீண்டது. கழுத்து மூடியது. இடுப்பு மறைந்தது. முதல் புத்தகம் முடிவதற்குள் எங்கள் வேட்டைக்காரி, கிளை ஆய்வுக்கு வாளோடு கிளம்பிய வங்கி அதிகாரியாகிவிட்டாள்.

என் பங்குக்கும் கத்தரி விழுந்தது. ரத்தக்காட்டேரியைப் பார்த்து அவள் "ஒழிஞ்சு போடா நாயே" என்று சொல்வதாக எழுதியிருந்தேன். அச்சில் "விலகிச் செல், தீயவனே" என்று வந்தது.

"பொம்பள வாயில அப்டிலாம் வர்லாமா மேடம்?"

காட்டேரி வாயில் எது வேண்டுமானாலும் வரலாம். தலைகள் உருளலாம், ரத்தம் நான்கு வண்ணத்தில் தெறிக்கலாம். தலை துண்டாவதில் அவருக்கு ஆட்சேபமே இல்லை. தலைக்குக் கீழே தோள் தெரியக் கூடாது, அவ்வளவுதான்.

இரண்டாவது புத்தகத்தில் நாயகி ஏரியில் விழுந்து எழுந்தாள். டிசைனர் தலையில் கைவைத்துக்கொண்டாள்.

"அக்கா, நனைஞ்ச சட்ட எப்டி இருக்கும்னு வரஞ்சு பாத்தேன். இதுக்கு அந்த ஊர்க்காரன் வரஞ்சதே தேவல."

மூன்றாவதில்தான் பெரிய பேய் வந்தது. மலை மாதிரி உடம்பு, கொம்பு, பாறை பாறையாக மார்பு. இடுப்பில் கைக்குட்டை அளவுக்கு ஒரு கந்தல். டிசைனர் திரையைத் திருப்பி முதலாளியிடம் காட்டினாள்.

"சார், இவனுக்கு?"

"அதுக்கு இன்னாத்துக்கு? அது பேய்தானே."

அவர் சாப்பிடப் போனதும் என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். பேய்க்கு வெள்ளையில் முழுக்கைச் சட்டை. கழுத்து வரை பொத்தான், மணிக்கட்டு வரை கை, கீழே மடிப்புக் கலையாத பேன்ட். ஓநாய் மனிதர்களுக்குக் கை வைத்த பனியன். எனக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. உட்கார்ந்து பேயின் வசனங்களைத் திருத்திக் கொடுத்தேன். "உன் எலும்பை நொறுக்குவேன்" என்றவன், "தயவுசெய்து என் குகையை விட்டு வெளியேறுங்கள்" என்றான்.

அச்சுக்குப் போகுமுன் முதலாளி ஒவ்வொரு பக்கத்தையும் சரிபார்த்தார். மிகக் கவனமாகப் பார்த்தார். ஒரே கட்டத்தில் நாயகியும் பேயும் கட்டிப் புரண்டாலும் அவர் கண் அவள் தோளில்தான் இருந்தது. திருப்தியாகத் தலையாட்டிக் கையெழுத்துப் போட்டார்.

புத்தகக் கட்டுகள் பைண்டிங்கிலிருந்து வந்து இறங்கிய சனிக்கிழமை, அவர் மனைவி சாப்பாட்டுக் கூடையோடு வந்தார். கட்டைப் பிரித்து ஒரு பிரதியைப் புரட்டியவர் நின்றார். பிறகு குலுங்க ஆரம்பித்தார்.

"இன்னாய்யா இது, பேயி இன்டர்வியூவுக்குப் போவுதா?"

முதலாளி பிடுங்கிப் பார்த்தார். முகம் வெளுத்தது, அப்புறம் சிவந்தது.

"யாரு பண்ண வேல இது?"

"நான்தான் சார்" என்றாள் டிசைனர். "ஊட்ல பொம்பளைங்க பாப்பாங்கன்னு நீங்கதானே சொன்னீங்க. அதான் இவனுக்கும் போட்டுட்டேன்."

வசனத்தில் கைவைத்தது நான் என்று நானும் சொன்னேன். அவர் வாயைத் திறப்பதற்குள் மனைவி குறுக்கிட்டார்.

"இவனுக்கும்னா? அப்போ அந்தப் பொண்ணுக்கும் நீங்கதான் போட்டீங்களா? நான் அந்த ஊர்ல குளிருன்னுல்ல நெனச்சேன்."

அசல் படத்தைக் காட்டச் சொன்னார். டிசைனர் திறந்தாள். முதலாளியம்மா மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு நிதானமாகப் பார்த்தார்.

"இப்டி இருந்தாத்தான் எகிறிக் குதிக்க முடியும். உன் சட்டையப் போட்டுகினு வாள தூக்க முடியுமாய்யா? கக்கத்துல கிழிஞ்சிடும்."

"உனுக்குத் தெரியாது. ஊட்ல கீற பொம்பளைங்க..."

"நான்தான்யா ஊட்ல கீற பொம்பள."

முதலாளி சாப்பாட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அடித்ததை எரிக்கவா முடியும்? விற்றார். சட்டை போட்ட பேய் வாட்சப்பில் ஆவடி, பூந்தமல்லி எல்லாம் சுற்றி, எப்படியோ ஐரோப்பாவுக்கும் போய்ச் சேர்ந்தது. ஓவியங்களில் எந்த மாற்றமும் செய்யக் கூடாது என்று ஒப்பந்தத்தில் இருப்பதை மிக மரியாதையாக நினைவூட்டி ஒரு மின்னஞ்சல் வந்தது. அதை அவருக்குத் தமிழில் படித்துக்காட்டும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது. ஒரு சொல்லைக்கூட மூடி மறைக்கவில்லை.

நான்காவது புத்தகத்தில் வேட்டைக்காரி, ஓவியர் வரைந்தபடியே வந்தாள். "ஒழிஞ்சு போடா நாயே"வும் வந்தது. முதல் பக்கத்தில் முதலாளி, கலைஞனின் சுதந்திரத்துக்காகத் தமது அச்சகம் ஆரம்பம் முதலே போராடி வருவதாக எழுதியிருந்தார். அவர் மனைவி முகம் சுளிக்காமல் முழுதும் படித்தார். சண்டைக் காட்சிகளை இரண்டு தடவை.

டிசைனர் இப்போது அங்கே இல்லை. எஸ்டேட் பக்கம் செல்போன் விளையாட்டுகள் தயாரிக்கும் கம்பெனி ஒன்றில் நல்ல சம்பளத்தில் சேர்ந்துவிட்டாள். அங்கேயும் வாளேந்திய பெண்களை வரைகிற வேலைதான். போன வாரம் கூப்பிட்டாள்.

"எப்படிம்மா இருக்கு?"

"இன்னாத்த சொல்றதுக்கா. அங்க சாரு துணிய கூட்டு கூட்டுன்னாரு. இங்க டெய்லி மீட்டிங் போட்டு, இன்னும் கொஞ்சம் கொற கொறன்றாங்க. பாவம்க்கா அவ. சண்ட போடறதா, துணியப் புடிச்சுக்கறதா?"