ஆறு கொண்டுவராத கல்

அப்பாவை அழைத்துக்கொண்டு அந்தமான் போயிருந்தேன். மணலே இல்லாமல் கூழாங்கற்களாலேயே ஆன ஒரு கரையில், அலை பின்வாங்கும்போது கற்கள் உருண்ட சத்தம் கேட்டதும் எனக்கு எரிச்சல்தான் பற்றிக்கொண்டு வந்தது. எங்கள் ஊர்க் கொள்ளிடத்தின் நடுவில் ஒரு திட்டு இருந்தது. கோடையில் முழங்கால் தண்ணீரில் நடந்து போனால், மேலே சுடுகிற மணலும், கால்விரலால் கிளறினால் உள்ளே குளிர்ந்து கிடக்கிற கூழாங்கற்களும், ஒன்றை வாயில் அடக்கிக்கொண்டால் நாக்கில் ஏறும் ஈர மண்வாசமுமாக, பள்ளிக்கூடம் திறக்கும்வரை அங்கேயே கிடப்போம். அந்தத் திட்டை அள்ளிப்போக மணல் லாரிகளுக்கு எங்கள் வயலில் பாதை விட்டவர் அப்பா. "ஏண்டா அழுவுற, ஆடியில தண்ணி வந்தா ஆறே திரும்பக் கொண்டாந்து போட்டுடும்" என்றார் அன்று. இன்று அங்கே ஆளை விழுங்கும் பள்ளம்தான் இருக்கிறது.

"கல்லை எடுக்கக் கூடாதுங்க" என்றார் கரையில் நின்ற தமிழ்க் காவலாளி. அப்பா சிரித்தபடியே ஒன்றைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"ஒண்ணுதானே தம்பி. கடல் திரும்பக் கொண்டாந்து போட்டுடும்."

நான் அவர் பைக்குள் கையை விட்டு அந்தக் கல்லை எடுத்துக் கீழே எறிந்தேன்.

"போடாதுப்பா" என்றேன்.