கல்லூரி பார்க்கப் போனோம்

வாசகரே, உங்களைச் சாட்சியாக அழைக்கிறேன். அந்தச் சனிக்கிழமை நீங்கள் எங்களோடு இல்லை. ஆகவே எவர் பக்கமும் சாயக் காரணமில்லாதவர் நீங்கள் ஒருவரே. தீர்ப்பு சொல்ல வேண்டியதில்லை. அது அன்றே சொல்லப்பட்டுவிட்டது. கேட்டுக்கொண்டால் போதும்.

விடுதலை வரப்போகிறது என்று மலாக்கா முழுவதும் பேச்சாக இருந்த காலம். காஜா பெராங்கில் எங்கள் வீட்டில் மட்டும் வேறு பேச்சு. கோலாலம்பூரில் மகளிருக்கான ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி ஒன்றில் என் அக்காவுக்கு இடம் தரச் சம்மதித்திருந்தார்கள். அப்பா ஒப்புக்கொண்டால் போகலாம். ஒப்பாவிட்டால் மாப்பிள்ளை வரும்வரை வீட்டில் இருக்கலாம். மூன்றாவது வழி இல்லை.

"சேரும் முன் போய்ப் பார்" என்று அக்காவின் தலைமையாசிரியை சொல்லியிருந்தார். "வகுப்பில் உட்கார்ந்து பார். விடுதித் தலைவி சொல்வதை மட்டும் நம்பாதே. அங்கே படிக்கிற ஒருத்தியைத் தனியாகக் கேள்."

எனக்கு இதில் ஐயமே இருக்கவில்லை. பெண் கல்வி வேண்டும் என்று வாலிபர் சங்கத்துச் சொற்போரில் ஒட்டிப் பேசி வெள்ளிக் கோப்பை வாங்கியவன் நான். சுங்கச் சாவடியில் கணக்கெழுதும் கிராணியாக இருந்த அப்பா அன்று முதல் வரிசையில் உட்கார்ந்து எல்லாருக்கும் முந்திக் கைதட்டினார். கோப்பை எங்கள் முன்னறையில் வானொலிக்குப் பக்கத்தில் இருந்தது. அந்தக் கைதட்டலைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

ஆனால் எங்கள் குடும்பத்தில் எவரும் கல்லூரி பார்க்கப் போனதில்லை. பார்க்கப் போவது என்றால் அவர்களுக்குத் தெரிந்தது ஒன்றுதான். அத்தை காலையிலேயே பித்தளைத் தட்டில் வெற்றிலை, பாக்கு, கற்கண்டு, ஒரு சீப்பு பீசாங் மாஸ் பழம் எல்லாம் அடுக்கித் துணியால் மூடிக்கொண்டு வந்து நின்றார்.

"அத்தே, கல்யாணம் பேசவா போறோம்?"

"கைய வீசிக்கிட்டுப் போறதுக்கு அது என்ன பசாரா? பொண்ண ஒரு வீட்டுல விடப் போறோம். அதுக்கு மேல என்னடா கல்யாணம்?"

அப்பா சிரித்தார். ராகு காலத்துக்கு முன்பே புறப்பட்டோம். தம்பின் வரை பஸ், அங்கிருந்து ரயில். தட்டு வழியெல்லாம் அத்தையின் மடியில் இருந்தது.

விடுதித் தலைவி ஆங்கிலேய மாது. தட்டைக் கண்டதும் முகம் மலர்ந்து, இடக்கையால் வாங்கினார். அத்தை என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தியோடு அக்கா வகுப்பறைப் பக்கம் போனாள். நாங்கள் மூவரும் விடுதியைப் பார்த்தோம். அத்தை கட்டிலை ஆட்டிப் பார்த்தார். சன்னல் கொக்கியை இழுத்து, "இது நிக்காது" என்றார். சமையற்கட்டில் அப்பா நெடுநேரம் நின்றார். "பரவால்ல, சுத்தமாத்தான் வச்சிருக்காங்க" என்று அவர் சொன்னபோது, வந்த காரியம் முடிந்தது என்று எண்ணினேன்.

அக்கா திரும்பி வந்தபோது விரல்களில் சுண்ணக்கட்டித் தூள். "கேட்டுட்டேன் தம்பி" என்றாள் தாழ்ந்த குரலில். "மொத மாசம் அழுவியாம். அப்பறம் லீவு விட்டாலும் வீட்டுக்குப் போக மனசு வராதாம். கரும்பலகையில எழுதிப் பாருன்னா. எழுதுனேன்."

"என்ன எழுதுனே?"

"எம் பேரத்தான்."

அப்போதுதான் விடுதித் தலைவி தட்டைக் கொண்டுவந்தார். கழுவி, துடைத்து, பளபளவென்று, வெறுமையாக. அவர்கள் முறையில் அது மரியாதை. எங்கள் முறையில், நிறைந்து வந்த தட்டில் ஒரு பிடி சர்க்கரையாவது வைக்காமல் திருப்புவது, உறவு வேண்டாம் என்பது. அத்தை கை நீட்டவில்லை.

நான் எழுந்தேன். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தின் அழகையெல்லாம் கூட்டி எங்கள் வழக்கத்தை அந்த மாதுக்கு விளக்கினேன். அவர் முகம் சிவந்துபோனது. மன்னிப்புக் கேட்டபடி உள்ளே ஓடினார். திரும்பி வந்தபோது தட்டில் இரண்டு வாழைப்பழங்கள் இருந்தன. எங்கள் பீசாங் மாஸ் பழங்கள்.

"நம்ம பழத்தையே திருப்பிக் குடுக்குறா பாரு" என்றார் அத்தை. "தாம்பூலத்தத் திருப்புனா என்ன அர்த்தம்னு ஒனக்குத் தெரியாது?"

அப்பா எழுந்து கோட்டுப் பொத்தானைப் போட்டார். "வீட்டுக்குப் போயிச் சொல்லி அனுப்புறோம்னு சொல்லு தம்பி."

பெண் பார்க்கப் போன எவருக்கும் அந்தச் சொற்களின் பொருள் தெரியும். நான் உள்ளபடியே மொழிபெயர்த்தேன். "அவசரமே இல்லை, மாத முடிவு வரை இடம் காத்திருக்கும்" என்று விடுதித் தலைவி மகிழ்ச்சியோடு சொன்னார். இரண்டு மொழியும் அறிந்த அக்கா கைக்குட்டையை எடுத்து விரல்களைத் துடைத்துக்கொண்டாள்.

ரயிலில் நான் பேசினேன். மேலே இருந்த கம்பியைப் பிடித்து நின்றுகொண்டு, முதலாவதாக, இரண்டாவதாக, மூன்றாவதாக என்று வரிசைப்படுத்திப் பேசினேன். எதிரிலிருந்த சீனப் பெரியவர் உண்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். முடித்ததும் அப்பா, "அந்த ரெண்டாவது பாயிண்டு ரொம்ப நல்லா இருந்திச்சு" என்றார்.

பிறகு வெளியே பார்த்தபடி சொன்னார்: "தட்டு கெடக்கட்டும் தம்பி. அந்தம்மா நல்லவங்கதான். நம்ம வழக்கம் ஒண்ணுகூடத் தெரியாத எடத்துல இவளுக்கு ஏதாச்சும் ஒண்ணு ஆச்சுன்னா, நான் யார்கிட்டப் போயி எந்தப் பாஷையில கேப்பேன்?"

"நான் இருக்கேன்ல? நான் கேக்குறேன்பா."

"இன்னிக்குக் கேட்டியே."

நான் நாலாவது கருத்து ஒன்றைத் தொடங்கினேன். அக்கா என் சட்டை நுனியைப் பிடித்து இழுத்தாள்.

"போதும் தம்பி. நீதான் ஜெயிச்சே. ஒக்காரு."

தம்பினில் இறங்கும்போது அத்தை அந்த இரண்டு பழங்களையும் இருக்கையிலேயே விட்டுவிட்டார்.

மாத முடிவு வந்து போனது. சொல்லி அனுப்புவதாகச் சொன்னோமே, எவரும் எதுவும் சொல்லி அனுப்பவில்லை. அதன் பின் எங்கள் வீட்டுக்குப் பெண் கேட்டுத் தட்டுகள் வரத் தொடங்கின. செங் என்ற ஊரிலிருந்து ஒன்று, பத்து பெரெண்டாம் என்ற ஊரிலிருந்து ஒன்று. எதையும் அத்தை வெறுமையாகத் திருப்பியதில்லை. அக்காதான் சர்க்கரை அள்ளி வைப்பாள்.

சங்கத்தின் அடுத்த சொற்போருக்கும் அதே தலைப்பைத்தான் வைத்தார்கள். போன முறை நான் பேசியதைக் கேட்டவர்கள் மறுபடி கேட்க விரும்பினார்களாம். அப்பா முதல் வரிசையில் இருந்தார். பெண்கள் பக்கத்தில், தூணை ஒட்டி, அக்கா. என் பேரைச் சொன்னதுமே கைதட்டல் எழுந்தது. முதலில் தட்டியவர் அப்பா. அது அடங்கும்வரை ஒலிபெருக்கி முன் காத்திருந்து, கூட்டம் முழுவதும் கேட்கச் சொன்னேன்:

"அவைத் தலைவர் அவர்களே, என் அக்கா ஒரு கல்லூரிக்குள் மாணவியாகக் காலடி வைக்கும் நாள்வரை, இந்தத் தலைப்பில் ஒட்டியும் பேச மாட்டேன், வெட்டியும் பேச மாட்டேன். இது உறுதி."