கரண்ட் போனதும் கூடிய கூட்டம்

எண்ணூர்ப் பக்கம் ஒரே நாளில் போய்வர வழி கேட்டு மூன்று பேர் எழுதியிருந்தீர்கள். முகத்துவாரம், அனல்மின் நிலையப் புகைபோக்கிகள், கடலோரச் சாலை என்று ஒரு பதிவு எழுதும் எண்ணத்தில்தான் இருந்தேன். போன வியாழக்கிழமை போயும் வந்தேன். ஆனால் முகத்துவாரம்வரை போகவில்லை. எர்ணாவூரில் ஒரு கல்யாண மண்டபத்தின் பிளாஸ்டிக் நாற்காலியில் பகல் கழிந்துவிட்டது. எனவே இது நீங்கள் கேட்ட பதிவு அல்ல. வழியும் கட்டணமும் மட்டும் உங்களுக்குப் பயன்படலாம்.

என்னைக் கூப்பிட்டவள் ஜெயந்தி. இருவருக்கும் ஒரே அலுவலகம். அமெரிக்காவிலிருந்து வரும் தொலைபேசி அழைப்புகளுக்கு இங்கிருந்து பதில் சொல்கிற இடம். எட்டு வருஷம் அங்கே ஓஹையோ மாநிலத்தில் இருந்துவிட்டு வந்தவள் நான் என்பதால், புதிதாகச் சேர்கிறவர்களுக்கு அமெரிக்கர்களோடு பேசப் பழக்குவது என் வேலை. பதிவான அழைப்புகளைக் கேட்டு மதிப்பெண் போடுவது ஜெயந்தியின் வேலை. முதல் வகுப்பிலேயே நான் சொல்லிவிடுகிற விதி ஒன்று உண்டு: அரசியல் பேசாதே, மதம் பேசாதே, திங்கட்கிழமை என்றால் ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தைப் பற்றிக் கேள். (அவர்கள் ஃபுட்பால் என்பது நம் கால்பந்து அல்ல. முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு முட்டிமோதி ஓடுகிற ஆட்டம்.) இந்த விதி பொய்த்ததில்லை. கணக்கில் தப்பாகப் பணம் பிடித்துவிட்டார்கள் என்று கத்துகிறவர்கூட, ஆட்டத்தைப் பற்றிக் கேட்டதும் குரல் தணிந்துவிடுவார்.

ஒருநாள் சாப்பாட்டு இடைவேளையில் ஜெயந்தி கேட்டாள்.

"ஒன்றரை வருஷமா இவங்க பேசறத கேக்கறேங்க்கா. அந்தப் பந்தைப் பத்தி அவ்ளோ பேசறாங்க. அவங்க ஊர் மேயர் பேர ஒருத்தர்கூட சொன்னதில்ல. அங்க ரோட்ல குழியே கெடையாதா?"

குழி உண்டு என்றேன். அப்போதுதான் அவள் தன் தெருவைப் பற்றிச் சொன்னாள். எர்ணாவூரில் அவர்கள் குடியிருப்புக்கு அருகே ஒரு தனியார் நிலக்கரிக் கிடங்கைப் பெரிதாக்கப் போகிறார்கள். லாரிகள் போக இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று வெளியே சுற்றிப் போகும் சாலை. இன்னொன்று, குடியிருப்புக்கும் தொடக்கப் பள்ளிக்கும் நடுவே போகிற தெரு. இது நாலு கிலோமீட்டர் குறைவு என்பதால் கிடங்குக்காரர்கள் இதைத்தான் கேட்கிறார்கள். ஜெயந்தியின் மகள் மூன்றாம் வகுப்பு. தினமும் அந்தத் தெருவைக் கடந்து போகிறவள். லாரிகள் எப்போதாவது வந்துகொண்டிருந்தபோதே, போன வருஷம் அங்கே ஏழு வயதுப் பையன் ஒருவன் அடிபட்டு இறந்துபோனான்.

"வர்ற வியாழக்கிழமை மக்கள்கிட்ட கருத்துக் கேக்கறாங்க. நீங்களும் வாங்கக்கா. படிச்சவங்க ஒருத்தர் கூட இருந்தா எனக்கு தைரியம்."

வியாழக்கிழமை பாகிஸ்தானோடு ஒருநாள் ஆட்டம் என்பதை நாங்கள் இருவருமே கவனிக்கவில்லை.

சென்னைக் கடற்கரை நிலையத்தில் காலை 7.50 ரயில். கும்மிடிப்பூண்டி போகும் எந்த வண்டியும் சரிதான். விம்கோ நகருக்கு ஆறு ரூபாய், சுமார் முப்பத்தைந்து நிமிஷம். ராயபுரம் தாண்டியதும் வலப்பக்க சன்னலோரம் கிடைத்தால் உட்காருங்கள். துறைமுகத்துக்குள் போகக் காத்திருக்கும் கன்டெய்னர் லாரிகளின் வரிசை தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் என்று விட்டு விட்டுத் தெரியும். விம்கோ நகரில் இறங்கி ஷேர் ஆட்டோ, ஐந்து ரூபாய். நிலக்கரித் தூள் படியும், வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போக வேண்டாம்.

ஆட்டோக்காரர் காதோரம் சின்ன ரேடியோவைச் சொருகியிருந்தார்.

"எங்க போணும்?"

"கல்யாண மண்டபம். கருத்துக் கேட்புக் கூட்டம்."

"இன்னிக்கா? இன்னிக்கு எவன் வருவான் மேடம்? மேட்ச் கீதே."

"உங்களுக்கு அந்த லாரி ரோடு வந்தால் பரவாயில்லையா?"

"பேஜாருதான். ஆனா மேட்ச்ல அவுட்டுன்னா அவுட்டு, கைய தூக்கிக் காட்டிடறான். கூட்டத்துக்குப் போயி குந்திகினு இருந்தா, யாரு ஜெயிச்சான்னு கடசி வரைக்கும் சொல்லமாட்டானுங்க."

ஜெயந்தி தெருமுனையில் நின்றிருந்தாள். கூட்டம் பதினொரு மணிக்கு. அதற்குள் வீடு வீடாகப் போய் ஆள் சேர்ப்பது திட்டம். ஆட்டம் ஒன்பதுக்கே தொடங்கிவிட்டது. ஒவ்வொரு வாசலிலும் கதவு திறந்திருந்தது, ஒவ்வொரு வீட்டிலும் அரசு கொடுத்த கலர் டிவி ஓடிக்கொண்டிருந்தது. அதனால் ஒரு ஓவரைக்கூடத் தவறவிடாமல் தெருவைக் கடந்துவிடலாம். அலுவலகத்தில் பேசுகிற தமிழை ஜெயந்தி தெருமுனையிலேயே விட்டுவிட்டாள்.

"பாபு, பதினோரு மணிக்கு மண்டபத்துக்கு வந்துடு. பசங்களையும் இட்டுகினு வா."

பாபு பெயின்டர். தெருப் பையன்களின் கிரிக்கெட் குழுவுக்குத் தலைவனும் அவன்தான்.

"வரேங்க்கா. இந்த பார்ட்னர்ஷிப் ஒடையட்டும்."

"ஒடையலன்னா?"

"ஒடையலன்னா எப்டிக்கா வர்றது?"

சேகர் என்பவர் வீட்டு வாசலில் மட்டும் ஜெயந்தி தயங்கினாள். போன வருஷம் இறந்த பையனின் தகப்பனார். சுவரில் சாய்ந்து டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். இவள் சொன்னதைக் கேட்டுத் தலையாட்டினார், திரும்பிப் பார்க்கவில்லை. அவர் மேல் எனக்குக் கோபம் வந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

ஓஹையோவில் கேரல் என்று ஒரு பக்கத்து வீட்டுக்காரி எனக்கு இருந்தாள். ஓய்வு பெற்ற பள்ளி நர்ஸ். இரும்பு ஆலைகள் மூடிப்போன ஊர் அது. கார் இல்லாதவர்களுக்கு இருந்த ஒரே பேருந்துத் தடத்தையும் நிறுத்தப் போகிறார்கள் என்று தெரிந்ததும், அவள் கையெழுத்து வாங்கக் கிளம்பினாள். நிறைய ஆட்கள் எங்கே கிடைப்பார்கள்? பக்கத்துப் பெருநகரத்தின் மைதானத்துக்கு வெளியே; எங்கள் ஊர்க்காரர்களும் அங்கேதான் திரள்வார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே அணியின் சட்டையைப் போட்டுக்கொண்டு, கார்களுக்கு நடுவே அடுப்பு மூட்டி இறைச்சி வாட்டிக்கொண்டிருப்பார்கள். நானும் கூடப் போனேன். எல்லோரும் அன்பாக இருந்தார்கள். தட்டு நிறையச் சாப்பிடக் கொடுத்தார்கள். ஆட்டம் முடியட்டும், பார்க்கலாம் என்றார்கள்.

முடிந்த பிறகு தோற்ற வருத்தம். மறுநாள் முழுக்க வானொலியில் நடுவரின் ஒரே ஒரு தீர்ப்பைப் பற்றி வாதம். அந்த வாதத்தைக் கேட்டுத்தான் எனக்குத் துக்கமாக இருந்தது. பேசியவர்கள் யாரும் மந்தமானவர்கள் இல்லை. பத்து வருஷத்துக்கு முந்தைய ஆட்டத்தை நினைவு வைத்திருந்தார்கள், ஆதாரம் கேட்டார்கள், பயிற்சியாளரை வேலையைவிட்டு நீக்கக் காரணங்களை அடுக்கினார்கள். ஒரு நகரசபையைக் கேள்வி கேட்க என்னென்ன வேண்டுமோ அத்தனையும் அவர்களிடம் இருந்தது. நகரசபையில் வாக்கெடுப்பு நடந்த செவ்வாய்க்கிழமை மாலை, பார்வையாளர் வரிசையில் கேரலும் நானும் இன்னும் ஆறேழு பேரும் இருந்தோம். பேருந்து நின்றுவிட்டது. அதே கூட்டத்தில் அந்தப் பெருநகர மைதானத்தின் வாகன நிறுத்தத்தைப் புதுப்பிக்க எங்கள் ஊரும் தன் பங்குக்குப் பணம் ஒதுக்க வேண்டும் என்ற பேச்சும் வந்தது. அதற்கு யாரும் மறுப்புச் சொல்லவில்லை.

எர்ணாவூர் மண்டபத்தில் பதினொரு மணிக்கு இருபது பேர்கூட இல்லை. மேடையில் அதிகாரி ஒருவர், கிடங்கின் சார்பில் மூன்று பேர், ஓரமாக வீடியோ எடுக்கிறவர். கிடங்குக்காரர் முக்கால் மணி நேரம் படம் போட்டு விளக்கினார். அந்தப் படங்களில் சாலையோரம் மரங்கள் இருந்தன.

பன்னிரண்டு அடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது மின்விசிறிகள் நின்றன. வெளியே ஒரு பெரிய சத்தம் எழுந்தது. வாசலுக்குப் போய்ப் பார்த்தால் தெருவே வெளியில் நிற்கிறது. காலையில் வீடு வீடாக அலைந்து சேர்க்க முடியாத கூட்டம் ஐந்து நிமிஷத்தில் சேர்ந்துவிட்டது. பக்கத்திலேயே மின்சாரம் எடுக்கிற ஊரில் கரண்ட் போய்விட்டதே என்று பேசிக்கொண்டு, மின்வாரிய அலுவலகத்தை நோக்கி நடக்கத் தொடங்கினார்கள். பாபுதான் முன்னால்.

ஜெயந்தி ஓடிப்போய் வழியில் நின்றாள்.

"மண்டபத்துல ஜெனரேட்டர் கீதுடா பாபு. கரண்ட் வர்ற வரைக்கும் அங்க வந்து குந்துங்க."

"டிவி?"

"உங்க வூட்டு டிவியை எடுத்துகினு வா."

"கேபிள் இருக்காதேக்கா."

"ஆன்டெனா கட்டினா வருது இல்ல? ஜல்தி போ."

கால் மணி நேரத்தில் மண்டபம் நிரம்பியது. பின்சுவர் ஓரம் மேஜை மேல் டிவி, சத்தம் குறைத்து. ஜெனரேட்டர் விளக்குக்கும் ஒலிபெருக்கிக்கும் டிவிக்கும்தான் போதுமாக இருந்தது, மின்விசிறி ஓடவில்லை. நாற்காலிகளையெல்லாம் அந்தப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார்கள். மேடைக்கு முந்நூறு முதுகுகள் தெரிந்தன. சேகரும் வந்து உட்கார்ந்திருந்தார். ஜெயந்தியின் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. "ஆள் வந்தாச்சுக்கா. இனிமே பேச வெச்சிடலாம்" என்றாள். வீடியோக்காரர் கேமராவை மெதுவாக ஒரு கோடியிலிருந்து இன்னொரு கோடிவரை நகர்த்தினார். அதிகாரிக்கும் திருப்திதான் போலிருந்தது.

ஜெயந்தி பேசினாள். ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவரும் பேசினார். வேறு யாராவது என்று அதிகாரி இரண்டு தடவை கேட்டார். டிவியில் ஒரு விக்கெட் விழுந்து கைதட்டல் எழுந்தது.

பிறகு அவர் கூட்ட அறிக்கையை வாசித்தார். பொதுமக்கள் முந்நூறு பேர் கலந்துகொண்டனர். இருவர் சில ஐயங்களைத் தெரிவித்தனர். மற்றவர்களுக்கு ஆட்சேபணை இல்லை.

ஜெயந்தி என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஆளே வராமல் இருந்திருந்தால், மக்கள் வரவில்லை என்று எழுதியிருப்பார்கள். மறுபடி ஒரு தேதி கேட்டிருக்கலாம். இப்போது முந்நூறு பேர் வந்து சரி என்று சொல்லிவிட்டதாக ஆகிவிட்டது. அவர்களை அழைத்து வந்தது அவள்.

பிறகு நேராகப் பின்னால் நடந்து போய் டிவியை மறைத்துக்கொண்டு நின்றாள்.

"இன்னாக்கா இது, நவுரு."

"நவுர்றேன். அவரு இன்னா படிச்சாருன்னு கேட்டியா பாபு? லாரி இந்தத் தெருவுல வரட்டும்னு நீ சொன்னியாம். நீங்க எல்லாரும் சொன்னீங்களாம்."

"நான் எப்போ சொன்னேன்?"

"இங்க குந்திகினு இருந்த இல்ல, அது போதுமாம்."

சிலர் அவள் தோளுக்கு மேலே எட்டி ஸ்கோரைப் பார்க்கப் பார்த்தார்கள். சேகர் எழுந்தார். அவசரமில்லாமல் நடந்து மேடைக்குப் போய், ஒலிபெருக்கியைப் பிடிக்கத் தெரியாமல் இரண்டு கையாலும் பிடித்தார்.

"பேரு சேகர். போன வருஷம் அந்த ரோட்ல செத்தது என் புள்ள. நான் சரின்னு சொல்லல."

திரும்பி வந்து உட்காரவில்லை, அங்கேயே நின்றார். பாபு போய் அவர் பக்கத்தில் நின்றான். இன்னும் சிலர் எழுந்தார்கள். அந்த நேரம் பார்த்து மின்விசிறி சுற்றத் தொடங்கியது; வெளியே வீடுகளிலிருந்து வர்ணனை ஒரே சமயத்தில் கேட்டது. முந்நூறு பேரில் பெரும்பாலோர் சத்தமில்லாமல் வாசலைப் பார்த்து நகர்ந்தார்கள். முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்களே தவிர, நிற்கவில்லை.

"வாசிச்சாச்சும்மா" என்றார் அதிகாரி, மேடைக்கு வந்த ஜெயந்தியிடம்.

"தப்பா வாசிச்சதை இப்பவே திருத்துங்க சார். அண்ணா, கேமராவைத் திருப்புங்க. காலி நாற்காலியும் சேத்து எடுங்க."

அரை மணி நேரம் வாக்குவாதம். கடைசியில் திருத்தினார்கள். பத்தொன்பது பேர் எதிர்ப்பு, பெயர்களோடு. 'ஆட்சேபணை இல்லை' என்பதை அடித்துவிட்டு, மற்றவர்கள் கருத்து எதுவும் தெரிவிக்கவில்லை என்று எழுதினார்கள். ஜெயந்திக்குக் கிடைத்தது அவ்வளவுதான். லாரி எந்த வழியில் போகும் என்ற முடிவு இன்னும் வரவில்லை.

மண்டபத்துக்கு எதிரே டீ குடித்தோம். சேகரிடம் நான் எதுவும் கேட்கவில்லை. அவராகவே சொன்னார்.

"மேட்ச் ஓடிகினு இருந்தா அது ஒண்டிதான் கண்ல தெரியும் மேடம். ஆஃப் பண்ணா அந்த ரோடுதான் தெரியும்."

ஓஹையோவில் கார்களுக்கு நடுவே இறைச்சி வாட்டிக்கொண்டிருந்த முகங்களை நினைத்துக்கொண்டேன். ஆலை மூடிய ஊரில் அவர்கள் ஆட்டத்தை அணைத்துவிட்டால் கண்ணில் தெரிந்தது எது? எட்டு வருஷத்தில் அதை நான் யாரிடமும் கேட்டதில்லை. ஆட்டத்தைப் பற்றித்தான் கேட்டேன். இப்போது நான் வகுப்பெடுப்பதும் அப்படிக் கேட்கத்தான். இந்தத் திங்கட்கிழமையும் எடுத்தேன். அது என் சம்பளம். ஆனால் அந்த விதியை வழக்கம்போல் சொல்ல முடியவில்லை.

இனி வழக்கமான விவரங்கள். திரும்ப விம்கோ நகரிலிருந்து மதியம் இரண்டரைக்கு மேல் ரயில்கள் காலியாக வருகின்றன. மண்டபத்துக்கு எதிர்ச் சாரியில் மீன் குழம்புச் சாப்பாடு பதினெட்டு ரூபாய், நன்றாக இருந்தது. குடிக்கத் தண்ணீர் கையில் கொண்டு போங்கள்.

உங்கள் ஊரில் இப்படி ஒரு கூட்டம் நடந்தால், அதற்குப் போகிறவர்களுக்கு இன்னும் ஒன்று. தேதி அறிவித்ததும் அன்றைக்கு என்ன ஆட்டம் என்று பார்த்து, மாற்றச் சொல்லி முன்பே எழுதிக் கொடுங்கள். கூட்டம் சேர்ப்பதோடு நிறுத்திவிடாதீர்கள். பேசப் போகிறவர்களை மட்டும் கூட்டிப் போங்கள். அறிக்கை வாசிக்கிறவரை இருங்கள். மேடைக்குப் போய்ப் பெயரைச் சொல்லி, வேண்டாம் என்று வாயால் சொல்லுங்கள். நீளமாகப் பேசத் தெரிய வேண்டியதில்லை. சேகருக்கு மூன்று வாக்கியம் போதுமாக இருந்தது.