புளி போட்டுக் கழுவிய அமெரிக்கக் காசு

ஆரம்பகால அமெரிக்கச் செம்புக் காசுகளைச் சேர்க்கிறேன். கடைகள் காசுபோல வெளியிட்ட பழைய செம்பு டோக்கன்கள் மேலேயே அச்சடித்தவை என்றால் விடமாட்டேன். அப்படித்தான் இருக்குமென்று நினைத்த கறுத்த காசொன்றை, எடை பார்க்க பாரிஸின் ரூ பெர்தொனே தெருவிலுள்ள தமிழ் நகைக்கடைக்காரரிடம் கொடுத்தேன். உள்ளே போனவர் வெகுநேரம் கழித்துப் பளபளக்கும் காசோடு வந்தார்.

“அண்ணை, இது என்ரை காசில்லை. மாத்திப்போட்டியள்.”

“உங்கடைதான் தம்பி. ஊத்தையாக் கிடந்தது, புளி போட்டு மினுக்கினனான்.”

நம்பாமல் விளிம்பைத் தடவினேன். எனக்குத் தெரிந்த வெட்டு அங்கேயே இருந்தது. தலையுருவத்தின் அடியில் டோக்கனின் எழுத்துகளும் தெரிந்தன. தேடிய காசுதான். ஆனால் சேகரிப்பவர்கள் மினுக்கிய காசை மதிப்பதில்லை.

இப்போது அவர் காசோடு உள்ளே போனால் நானும் கூடவே போகிறேன். களவெடுப்பார் என்றல்ல, கழுவிவிடுவார் என்ற பயத்தில்.