கடல்பன்றியின் கோணல் மூக்கு

மைசூர்க்காரர்கள் கடலைப் பார்க்க வேண்டுமென்றால் பஸ் பிடித்து மலை இறங்க வேண்டும். அந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு கடல்பன்றியின் மண்டையோட்டைத்தான் ஆராய்வேன் என்று அடம்பிடித்தவள் நான். தொண்ணூறுகளின் நடுவில், மங்களூர்ப் பக்கம் மீன்வலையில் சிக்கிச் செத்த ஒன்றின் தலை எனக்குக் கிடைத்தது. டால்பினுக்கு உறவுக்காரப் பிராணி. மூக்கெலும்பு இடப்பக்கம் லேசாகச் சாய்ந்திருக்கும். உள்ளே மூளையும் ஒருபக்கமாகக் கோணியிருக்குமா என்பதுதான் என் கேள்வி.

"பன்னின்னு மட்டும் வெளில சொல்லிக்காதே, வரன் பாக்கறவங்க ஓடிப்போயிடுவாங்க" என்றாள் அம்மா.

தசரா விடுமுறைக்கு லேபைப் பூட்டிவிடுவார்கள். அதனால், சுத்தம் செய்து, கழன்ற எலும்புகளை ஒட்டிய மண்டையோட்டை வீட்டுக்கு எடுத்து வந்தேன். பண்டிகை முடிந்ததும் வீட்டிலேயே அளவெடுத்துக்கொள்ளலாம் என்று எண்ணம். அப்பா ரயில்வே பட்டறையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆயுத பூஜைக்குத் தன் அரத்துக்கும் சுத்தியலுக்கும் பொட்டு வைத்தவர், "உன் ஆயுதம் இதுதானேம்மா" என்று மண்டையோட்டையும் பக்கத்தில் வைத்து அதற்கும் சந்தனம், குங்குமம் இட்டார். அம்மா வேறு பக்கம் பார்த்துக்கொண்டே கற்பூரம் காட்டினாள்.

மறுநாள் விஜயதசமி. பூஜையில் வைத்த கருவியை எடுத்துப் பெயருக்காவது ஒரு வேலை செய்ய வேண்டும் என்பது எங்கள் வீட்டுச் சட்டம். ரிட்டயர் ஆன பிறகு அப்பாவுக்கு அன்று பெரிய திண்டாட்டம். ஆடாமல் நிற்கும் நாற்காலியின் காலை ராவுவார். அன்றிலிருந்து அது ஆடும். அந்த வருடம் நானும் அம்மாவும் யானை ஊர்வலம் பார்க்கப் போய்விட்டோம். வீட்டில் அப்பா, அரம், கோணலாக ஒரு மூக்கு.

நாங்கள் திரும்பியபோது வாசலிலேயே நின்றார். முகமெல்லாம் பெருமை.

"ஸ்வல்ப கோணலா ஒட்டிட்டேம்மா நீ. ராவி லெவல் பண்ணிட்டேன். இப்போ பாரு, நூல் பிடிச்ச மாதிரி!"

நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுக் கன்னடக்கார அம்மா "ஏனாய்த்து?" என்று ஓடி வந்தார். அந்தக் கோணல்தான் என் ஆராய்ச்சியே என்று கேட்டதும் அப்பாவின் முகம் தொங்கிவிட்டது. எனக்கு இரக்கம் வரவில்லை. ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

லேப் திறந்ததும் என் கைடு மண்டையோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இவ்வளவு லட்சணமான கடல்பன்றி உலகத்திலேயே கிடையாது என்றார். வெளிப்பக்கம் போனது போனதுதான், உள்ளே ரப்பர் பாலை ஊற்றி மூளையின் வார்ப்பை எடு, அதுவும் கிழிந்தால் வேறு தலைப்பு பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

ரப்பர் உறைந்ததும், முதுகெலும்பு வந்து சேரும் சின்ன ஓட்டை வழியாக அதை இழுத்து எடுக்க வேண்டும். அன்றைக்கென்று அப்பா டிபன் கேரியரோடு லேபுக்கு வந்துவிட்டார். "சும்மா பிடிச்சுக்கறேன்" என்று மண்டையோட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். நான் இழுத்தேன். அரைவாசியில் சிக்கியது. இன்னும் கொஞ்சம் இழுத்ததும் முழுசாக வெளியே வந்து, அகலமான ஒரு பேக்கரி பன்னைப் போல உப்பிக்கொண்டது. எங்கும் கிழியவில்லை.

உடனே அளந்து பார்த்தேன். வலப்பக்கம் இடப்பக்கத்தைவிடப் பெரிது. கேள்விக்குப் பதில் கையிலேயே இருந்தது. சந்தோஷத்தில் கண்ணிலிருந்து பொலபொலவென்று தண்ணீர் கொட்டியது.

அப்பா என்னைப் பார்த்தார், வார்ப்பைப் பார்த்தார். முகம் வெளுத்து, மண்டையோட்டை மேஜையில் வைத்துவிட்டுக் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"சத்தியமா உள்ள நான் கையே வைக்கலம்மா!"